எடுத்த இடம்

அறிவை அருளியவன் இறைவன். அதனை நம் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் மனிதர்கள். சேர்த்தவரின் பெயரைச் சொல்லிப் பெற்றுக்கொள்வது கல்விக்குரிய முதல் நாகரிகம். இந்நாளில் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இதற்கு மேற்கோள் காட்டுதல், அடிக்குறிப்பு இடுதல், துணைநூற் பட்டியல் அமைத்தல் என்றெல்லாம் பெயர்கள் வழங்குகின்றன. பெயர்கள் புதியனவாயினும் பொருள் மிகப் பழையது. ஆயினும் வடிவத்தைக் கற்பிக்கும் அளவுக்கு அப்பொருளை நாம் கற்பிக்கிறோமா என்பது எனக்கு நெடுநாளாக இருந்துவரும் ஐயம்.

கோவையிலும் திருப்பூர், ஈரோடு வட்டாரங்களிலும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தை ஆய்வுப் பொருளாகக் கொண்ட மாணவர் சிலர், அரபுச் சொற்களைச் சரிபார்க்க வேண்டி என்னிடம் வருவதுண்டு. அவர்கள் கேட்கும் கேள்விகளிற் பல வடிவம் பற்றியவை. ஆசிரியர் பெயருக்குப் பின் காற்புள்ளியா, முற்றுப்புள்ளியா? ஆண்டு முன்னே வருமா, இறுதியில் வருமா? நூற்பெயரைச் சாய்வெழுத்தில் இட வேண்டுமா? இவை வேண்டிய கேள்விகளே. ஒழுங்கில்லாத பட்டியல் படிப்பவரை அலைக்கழிக்கும். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னே நிற்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “இந்நூலை நான் நேரிற் கண்டேனா, கண்டவர் சொல்லக் கேட்டேனா?” அதனை மாணவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது அரிதாகவே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் திருப்பூரிலிருந்து ஒரு மாணவி தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொண்டுவந்தார். ஏட்டை ஒப்படைக்க மூன்று வாரங்களே இருந்தன. இரண்டாம் இயலில் ஓர் அடிக்குறிப்பு என் கண்ணில் பட்டது. பல்சந்தமாலை என்னும் நூற்பெயரும் அதன் எதிரே ஒரு பக்க எண்ணும் அதில் இருந்தன.

பல்சந்தமாலை இன்று நமக்குக் கிடைத்துள்ள தமிழ் முஸ்லிம் இலக்கியங்களுள் மிகப் பழமையானதாகக் கருதப்படுவது. இயற்றியவர் பெயர் தெரியவில்லை. நூலும் முழுமையாகக் கிடைக்கவில்லை. களவியற் காரிகை என்னும் அகப்பொருள் இலக்கண நூலின் உரையாசிரியர், நூற்பெயரைச் சுட்டி அதிலிருந்து எட்டுச் செய்யுட்களை எடுத்துக்காட்டியிருக்கிறார். அவ்வுரையைப் பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை 1931-ஆம் ஆண்டு பதிப்பித்து வெளியிட்டார். பல்சந்தமாலை என ஒரு நூல் இருந்தது என்பதற்கு நமக்குள்ள சான்று அவ்வளவே. எனவே பக்க எண் இடுவதற்கு அப்படியொரு புத்தகமே உலகில் இல்லை.

“இந்தப் பக்கத்தை எங்கே பார்த்தீர்கள், அம்மா?” என்று கேட்டேன். முந்தைய ஆய்வேடு ஒன்றிலிருந்து எடுத்ததாகச் சொன்னார். அந்த ஏட்டைத் தேடிப் பிடித்தோம். அதை எழுதியவர் ஓர் இலக்கிய வரலாற்று நூலிலிருந்து எடுத்திருந்தார். வரலாற்று நூலின் பக்க எண், கை மாறியபோது பல்சந்தமாலையின் பக்க எண்ணாகிவிட்டது. இடையில் நின்ற இருவர் பெயரும் மறைந்து, மாணவி மூல நூலையே மடியில் வைத்துப் படித்ததுபோன்ற தோற்றம் எஞ்சியது. மேலும் பார்த்ததில், அவ்வியலின் அடிக்குறிப்புகளில் பாதிக்கு மேல் அந்த ஓர் ஏட்டிலிருந்தே வந்தவை எனத் தெரிந்தது.

“ஹஜ்ரத், இது யாருக்குத் தெரியப்போகிறது? எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள்?” என்று அவர் கேட்டார். அவர் கேட்டதில் வஞ்சகம் இல்லை, களைப்பே இருந்தது. உதவித்தொகை முடிந்திருந்தது. ஒரு கல்லூரிப் பணி, பட்டம் கைக்கு வருவதை எதிர்பார்த்துக் காத்திருந்தது.

ஹதீஸ் கலையில் இதற்கொரு பெயர் உண்டென்று அவருக்குச் சொன்னேன். அறிவிப்பாளர் ஒருவர் தம் ஆசிரியரை நேரிற் சந்தித்தவராகவே இருப்பார். ஆனால் குறிப்பிட்ட ஒரு செய்தியை அவரிடம் நேரே கேட்டிருக்க மாட்டார். இடையில் வேறொருவர் வழியாகக் கேட்டிருப்பார். அந்த இடையாளரை விழுங்கிவிட்டு, ஆசிரியரிடமிருந்தே பெற்றதுபோல் தோன்றும் சொல்லால் அறிவிப்பார். இதற்குத் தத்லீஸ் என்று பெயர். அதில் சொல்லளவில் பொய் இராது. கேட்பவர் மனத்தில் பொய் விளையும். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் ஷுஅபா (ரஹ்) இதனைப் பொய்க்கு உடன்பிறப்பாகவே எண்ணிக் கடிந்தார். 1449-இல் மறைந்த இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்), இப்பழக்கம் உடையோரை ஐந்து படிகளாக வகுத்துத் தனி நூலே இயற்றினார். இடையாளர் பெயரை மறைப்பதற்கு இவ்வளவு கடுமை ஏன்? அந்த இடையாளர் நம்பத் தகாதவராக இருக்கலாம். மறதி உடையவராக இருக்கலாம். அவர் பெயர் தெரிந்தாலன்றோ செய்தியை எடை போட முடியும்?

அம்மாணவியின் தந்தையார் பனியன் துணி பின்னும் எந்திரங்கள் வைத்திருப்பவர். ஆகவே அவர் தொழிலிலிருந்தே ஓர் உவமை சொன்னேன். நூற்பாலையிலிருந்து வரும் ஒவ்வொரு கோனிலும் நூலின் எண்ணும் லாட் எண்ணும் குறித்த சீட்டு இருக்கும். லாட் கலந்துவிட்டால், சாயம் ஏறிய பிறகு துணியில் பட்டை விழும். பட்டை விழுந்த அன்று, நூல் எங்கிருந்து வந்தது என்று காட்டுவது அந்தச் சீட்டுத்தான். ஒரு கோனின் சீட்டைக் கிழித்து வேறொரு கோனில் ஒட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அதன்பின் நான் விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

தாமதக் கட்டணம் செலுத்திக் காலம் நீட்டிப் பெற்று, அவர் அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடினார். சில சரியாக இருந்தன. சிலவற்றில் பக்கம் பிறழ்ந்திருந்தது. சில எங்குமே சென்று சேரவில்லை. அவற்றை நம்பி எழுதிய நான்கு பக்கங்களை அவரே நீக்கினார். பட்டியல் சுருங்கியது. சுருங்கிய பட்டியல் ஏட்டுக்குச் சிறப்பன்று என்று அவர் துறையில் ஒருவர் குறைபட்டாராம். பட்டியலின் நீளத்தைக் கொண்டு உழைப்பை அளக்கும் வழக்கம் நம்மிடையே எப்படி வந்ததோ, அறியேன்.

மேற்கோள் ஒழுக்கம் மேலைநாட்டார் கொண்டுவந்து சேர்த்த சுமை என்று நினைப்போர்க்கு நம் கொங்கு நாட்டிலேயே விடை இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், கொங்கு மண்டலத்து நிரம்பையூரைச் சேர்ந்தவர். உரையின் தொடக்கத்திலேயே அவர் தம் ஆதாரங்களைத் தரம் பிரித்துச் சொல்லிவிடுகிறார். அடியோடு அழிந்துபோன நூல்கள் இன்னின்ன என்கிறார். சில சூத்திரங்கள் மட்டும் வழங்க, முதலும் நடுவும் இறுதியும் காணக் கிடைக்காதவை இன்னின்ன என்கிறார். பிறகு, தாம் துணையாகக் கொண்டவை இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரத சேனாபதியம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் ஆகிய ஐந்து என ஆசிரியர் பெயர்களோடு கூறுகிறார். அதோடு நில்லாமல், அவை காப்பிய ஆசிரியரின் கருத்தறிந்து எழுந்தவை அல்ல என்றும், ஓரளவு ஒப்புமை கருதியே தாம் அவற்றைக் கொண்டதாகவும் ஒப்புக்கொள்கிறார். இன்றைய ஆய்வேடுகளில் எத்தனை இவ்வளவு நேர்மையாகத் தொடங்குகின்றன?

அந்த நேர்மைக்குப் பயனும் விளைந்தது. உ. வே. சாமிநாதையர் 1892-இல் அவ்வுரையோடு சிலப்பதிகாரத்தை அச்சேற்றியபோது, பஞ்சமரபு என்பது பெயரளவில் மட்டும் அறியப்பட்ட நூல். 1970-களில் கொங்கு நாட்டுப் புலவர் வே. ரா. தெய்வசிகாமணிக் கவுண்டர் ஏட்டுச் சுவடியிலிருந்து அதனைப் பதிப்பித்து வெளியிட்டார். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் உரையாசிரியர் நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் பொறுப்போடு சொல்லி வைத்ததனால், சுவடியின் அருமை கண்டவுடன் விளங்கிற்று. சாமிநாதையரும் இவ்வழியில் குறைந்தவர் அல்லர். எந்நூலைச் சேர்ந்தவை என்று விளங்காத மேற்கோள்களுக்கு அவர் தனியே ஓர் அகராதி அமைத்தார். விளங்காததை விளங்கவில்லை என்று அச்சிட்டுக் காட்டிய பெருமகனார் அவர்.

இனி, வடிவம் பற்றியும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். அதுவும் பொருளோடு ஒட்டியதே. அமெரிக்க உளவியல் கழகத்தின் முறையிலும் நவீன மொழிக் கழகத்தின் முறையிலும் குடும்பப் பெயர் முன்னே வரும். நமக்கோ குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் இல்லை. தலைப்பெழுத்து ஊரையும் தந்தையையும் குறிக்கும். இதை உணராமல் கவிக்கோ அப்துல் ரகுமானை “ரகுமான், அப்துல்” எனப் பிரித்துப் பட்டியலில் இடுகிறார்கள். அப்துர் ரஹ்மான் என்றால் அளவற்ற அருளாளனின் அடியான் என்பது பொருள். அதை வெட்டினால் இறைவனின் திருப்பெயர் ஒரு மனிதரின் குடும்பப் பெயராகி, அடியான் என்ற சொல் அந்தரத்தில் நிற்கும். அரபுப் பெயர் அறிந்த எவரும் இதைக் கண்டு வருந்துவர். அத்தகைய பெயரைப் பிரிக்காமல் முழுதாக இடுவதே முறை.

எண்ணிடுவதிலும் கவனம் வேண்டும். ஸஹீஹ் முஸ்லிமுக்கு முஹம்மது ஃபுஆது அப்துல் பாக்கீ அமைத்த வரிசையில் 3033 எண்கள் உள்ளன. திரும்ப வரும் அறிவிப்புகளையும் தனித்தனியே எண்ணும் வரிசைகள் ஏழாயிரத்தைக் கடந்து செல்லும். வெறுமனே “முஸ்லிம்” என்று எழுதி ஓர் எண்ணை இட்டால், படிப்பவர் எந்த வரிசையில் தேடுவார்? சீறாப்புராணத்துக்கும் அப்படியே. 1842-இல் முதன்முதலாக அச்சேறிய அந்நூலுக்குப் பின்னர்ப் பல பதிப்புகள் வந்துவிட்டன. பக்க எண் பதிப்போடு மாறும். காண்டம், படலம், செய்யுள் எண் மூன்றும் எப்பதிப்பிலும் வழிகாட்டும். அடிக்குறிப்பு என்பது பின்னால் வருபவருக்கு நாம் சொல்லும் வழி. அவ்வழியே நடந்தால் அவர் அந்த இடத்தைச் சென்றடைய வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிகள் வகுத்தது. ஒப்புமை நூற்றுக்குப் பத்து வரை இருந்தால் தண்டனை இல்லை. அறுபதைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே நீக்கப்படும். விதி நல்லதே. ஆயினும் மென்பொருள் காண்பது சொற்களின் ஒப்புமையை மட்டுமே. பிறர் கண்டதைத் தாம் கண்டதாக இட்ட அடிக்குறிப்பை அது அறியாது. இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. கேட்டால், ஆசிரியர் பெயர், ஆண்டு, பதிப்பகம், பக்கம் எல்லாம் பிழையில்லாத வடிவில் அமைந்த ஒரு பட்டியலைத் தருகிறது. அவற்றுள் சில நூல்கள் பிறந்தே இருக்க மாட்டா. 2023-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், இத்தகைய கருவி கற்பித்த வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. முற்காலத்துப் புனைவாளர்களும் பொய்யான செய்திக்கு மாசற்ற அறிவிப்பாளர் தொடரைக் கோத்தார்கள். தொடரின் அழகைக் கண்டு இமாம்கள் மயங்கவில்லை. இவர் அவரைச் சந்தித்தாரா, அவ்வாண்டில் அவ்வூரில் இருந்தாரா என்று விசாரித்தார்கள். அவ்விசாரணை இன்று நம் மாணவர்க்கும் நெறியாளர்க்கும் தேவைப்படுகிறது.

ஆகவே என்னிடம் வருவோரிடம் நான் கேட்டுக்கொள்வது சிறிய காரியம். நேரில் கண்ட நூலை நேரில் கண்டதாக எழுதுங்கள். பிறர் வழியாகப் பெற்றதை, “இன்னார் நூலில் மேற்கோளாகக் கண்டது” என்று இருவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தேடியும் கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். இதனால் ஏட்டின் மதிப்புக் குறையாது.

நம் வீடுகளின் பரண்களில் இன்னும் அரபுத்தமிழ்க் கிதாபுகள் கிடக்கின்றன. பாட்டிமார் ஓதிய மாலைகளும் கிஸ்ஸாக்களும் அட்டை கிழிந்து, கறையான் அரித்து, ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றன. அவற்றுள் ஒன்றைக் காணும் மாணவர், எவ்வூரில் கண்டார், கையெழுத்தா அச்சா, முதல் ஏடு இருந்ததா, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார் என்று குறித்து வைப்பாராக. பல்சந்தமாலையை எடுத்துக்காட்டிய உரையாசிரியர், தம் சிறு குறிப்பே அந்நூலுக்குக் கடைசிச் சாட்சியாகும் என்று எண்ணியிருக்க மாட்டார். இன்று நாம் இடும் அடிக்குறிப்புகளுள் எது நாளை அவ்வாறு தனித்து நிற்கும் என்பதை இறைவனே அறிவான்.