கூசாத வெளிச்சம்

வெளிச்சம் எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கவ்வளவு கண்ணுக்கு நல்லது என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். "பட்டப் பகல் மாதிரி இருக்கிறதே!" என்று விருந்தாளி ஒருவர் சொல்லிவிட்டால் வீட்டு எஜமானருக்கு உச்சி குளிர்ந்து போகிறது. ஆனால் பட்டப் பகலிலும் சூரியனுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு யாரும் புஸ்தகம் வாசிப்பதில்லை அல்லவா?

எங்கள் கூடத்தின் மேல்தளத்தில், வீடு கட்டிக் கொடுத்தவர்கள் நான்கு எல்.இ.டி. பேனல்களைப் பதித்திருந்தார்கள். குடிவந்த மாதத்திலேயே என் தாயார் மாலை வேளைகளில் கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவருக்கு 76 வயது. கண்ணில் புரை விழத் தொடங்கியிருக்கிறது. "அங்கே உட்கார்ந்தால் ஊசி குத்துகிறாற்போல் இருக்கிறதப்பா" என்றார். புரை விழுந்த கண்ணுக்குள் ஒளி நேரே செல்லாமல் சிதறிப் பரவுகிறது. நமக்குச் சற்றே உறுத்துவது, அவர்களுக்கு எழுத்தின் மேல் வெண்திரை போட்டது போலாகிவிடும். இப்படியாக அவருடைய வாசிப்பும் நின்றது, எங்களோடு பேசியிருப்பதும் நின்றது.

இந்தக் கூச்சத்தை அளப்பதற்குச் சர்வதேச வெளிச்சக் கமிஷன் 1995-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. அதில் விளக்கு முகப்பின் பிரகாசம் இரட்டித்தால் அதன் பங்கு நான்கு மடங்காகிறது; பரப்பு இரட்டித்தாலோ இரண்டே மடங்குதான். ஆகவே அதே ஒளியை இரு மடங்கு பரப்புள்ள முகப்பில் பரப்பினால் கணக்கில் அதன் பங்கு பாதியாகும். பின்னாலுள்ள சுவர் வெளிச்சமாயிருந்தால் இன்னும் குறையும். கடைக்காரரோ வாட் கணக்கைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை!

பேனலின் முகத்திலிருந்த பால்நிறத் தகடு ஒளியை நாலா பக்கமும் இறைத்தது. எதிரே உட்கார்ந்தவர் கண்ணிலும் அது சாய்வாக வந்து விழுந்தது. நுண்ணிய பட்டகங்கள் செதுக்கிய தகடுள்ள பேனல்கள் உண்டு; அவை பக்கவாட்டில் போகும் ஒளியை மட்டுப்படுத்திக் கீழே திருப்புகின்றன. அவற்றில் இரண்டை வாங்கி மாட்டினோம். மற்ற இரண்டையும் எடுத்துவிட்டு, மேல்தளத்தை நோக்கி ஒளி வீசும் விளக்குகளைச் சுவரில் பொருத்தினோம். கருநீலச் சுவருக்கு வெள்ளை பூசினோம். என் மகளுக்கு அதில் இன்றுவரை வருத்தந்தான். தாயாரின் நாற்காலிக்குப் பின்னால், இடது தோளுக்கு மேலாக, மூடியிட்ட விளக்கொன்று நிற்கிறது.

புரையை எடுக்கும் சிகிச்சை தை மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அதுவரையில், பெரிய எழுத்துப் புஸ்தகமாயிருந்தால், இரண்டு பக்கம் படித்துவிட்டே படுக்கப் போகிறார்.