அச்சு அறிந்த கணக்கு

சுமப்பது வாழ்வின் இயல்பு. எவ்வளவு சுமக்கலாம் என்று அறிந்து சுமப்பது அறிவின் இயல்பு. கொல்லிமலைச் சோளக்காட்டில் வாழும் நமக்கு இதை நாள்தோறும் நினைவூட்டுபவை சரக்கு வண்டிகளே. வாழைத்தார், பலா, அன்னாசி, மிளகு, காப்பி என மலை தரும் செல்வமெல்லாம் காரவள்ளி வழியே இறங்க வேண்டுமாயின் 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும்.

மக்கள் 'குட்டி யானை' என்று அழைக்கும் டாட்டா ஏஸ் வண்டி 2005-இல் வந்தது. அது முக்கால் டன் வண்டி. அதாவது மொத்த எடை 1,550 கிலோ என்றால், அதில் வண்டியின் வெற்று எடை போக எஞ்சுவது சுமார் 750 கிலோ. இவ்வளவும் சரக்குக்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் மொத்த எடை என்பது சாலையில் ஓடும் வண்டியின் முழு எடை. ஓட்டுநர், உடன் வருபவர், தார்ப்பாய், கயிறு அனைத்தும் அதனுள் அடக்கம். பத்துக் கிலோ பலாப்பழங்கள் ஐம்பதை ஏற்றினால் 500 கிலோ. அதன்மேல் ஐவர் ஏறி அமர்ந்தால் ஏறத்தாழ 300 கிலோ. கணக்கு அங்கேயே மீறிவிட்டது. சரக்கின்மேல் ஆட்களை ஏற்றுவதைச் சட்டம் தடுக்கிறது என்பது வேறு.

நம் நாமக்கல் மாவட்டம் லாரிகளுக்குக் கூடு கட்டுவதில் பெயர் பெற்றது. அப்பட்டறைகளில் அழகுக்காகவோ உறுதிக்காகவோ கூடுதலாகப் பொருத்தும் ஒவ்வோர் இரும்புத் தகடும் வெற்று எடையைக் கூட்டுகிறது. கூடிய அளவுக்குச் சரக்கின் பங்கு குறைகிறது. ஆகவே ஏட்டில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல், வெறும் வண்டியை ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதே முறை.

மொத்த எடை சரியாக இருந்தாலும் போதாது. ஒவ்வோர் அச்சுக்கும் தனி வரம்பு உண்டு. மென்மையான மயிலிறகும் அளவுமீறினால் வண்டியின் அச்சை முறிக்கும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உரைத்தது அச்சைப் பற்றியதே. பாரம் முழுவதும் பின்புறம் குவிந்தால், ஏற்றத்தில் முன்சக்கரங்கள் இலேசாகி வளைவில் திருப்புதல் பிடிகொடாது. 2018-இல் நடுவண் அரசு இரண்டு அச்சு லாரிக்குரிய வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. எண் உயர்ந்தது உண்மை. ஆயினும் பழைய வண்டியின் அச்சும் பிரேக்கும் அரசாணையால் வலுப்பெறுவதில்லை.

ஏற்றத்தில் மிகைபாரம் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும், எஞ்சின் திணறும். இறக்கத்திலோ அது மறைந்திருக்கும். 1,550 கிலோ வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. 500 கிலோ மிகுந்தால் மேலும் 16 லிட்டர். எஞ்சினும் காற்றும் ஏற்றதுபோக எஞ்சிய வெப்பம் பிரேக்கின் தலையில் விழுகிறது. அளவுமீறிச் சூடேறிய பிரேக் பிடிமானத்தை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலை ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் இதுவே.

"தெரியாமலா சாமி ஏத்துறோம்? ரெண்டு நடை அடிச்சா வாடகை யாரு குடுப்பா?" என்று ஓர் ஓட்டுநர் நம்மிடம் கேட்டார். அது நியாயமான கேள்வி. இரண்டாம் நடையின் வாடகை ஏழை விவசாயியின் இலாபத்தை விழுங்கிவிடும். ஒரே நடையில் வரட்டும் என்று கீழே காத்திருக்கும் வியாபாரிக்கோ அந்த 70 வளைவுகளில் பங்கில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. ஓட்டுபவர் உரிமையாளர் அல்லாதபோது, உரிமையாளர் அறிந்தே, அல்லது அவர் பணித்தே மிகைபாரம் ஏற்றப்பட்டது என்று நீதிமன்றம் கருத அது இடமளிக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய்; மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. மிகைபாரத்தை இறக்காமல் வண்டியை நகர்த்தவும் இயலாது. ஒருமுறை பிடிபட்டால் பல நடைகளின் வாடகை போய்விடும்.

அன்பர்களே, சுமையைக் குறைக்கச் சொல்வது எளிது. குறைத்த சுமையின் செலவை யார் ஏற்பது என்பதே கடினம். அண்டை வீட்டார் நால்வர் முன்கூட்டியே பேசி, சரக்கைத் தராசில் நிறுத்து, இரண்டாம் நடையின் வாடகையைப் பகிர்ந்துகொண்டால் ஒருவர் தலையில் அது விழாது. திருவிழாவுக்குச் செல்லும்போதும் சரக்கு வண்டியை விடுத்துப் பேருந்தில் செல்வோம். அடுத்தமுறை ஓட்டுநர் ஒருவர், "இதுக்கு மேல வேண்டாங்க" என்று சொல்லும்போது, இன்னும் ஒரே ஒரு மூட்டை என்று அவரை வற்புறுத்தாதிருப்போம்.