மாமாவோட புரொஜக்டரும் ப்ளூடூத் டப்பாவும்

இது கொஞ்சம் டெக்னிக்கலான சமாச்சாரம். வோல்ட், ஓம்னா அலர்ஜி இருக்கறவங்க நடுவுல ரெண்டு மூணு பத்தியைத் தாண்டிக் குதிச்சுக்கலாம், தப்பில்லை. ஆனா வீட்டுப் பரண்ல ஒரு பழைய 16 எம்எம் புரொஜக்டர் கிடந்து, அதை இந்தக் காலத்து ஸ்பீக்கர்ல பேச வைக்கணும்னு ஆசை இருந்தா, முழுசாப் படிச்சுட்டு அப்புறமா வயரைத் தொடுங்க.

தங்கச்சிமடத்துல இருக்கற என் மாமா (அப்பாவோட அக்கா வீட்டுக்காரர்) ஒரு காலத்துல 16 எம்எம் ஆபரேட்டர். டூரிங் டாக்கீஸ் அளவுக்கெல்லாம் பெருசு இல்ல. முளைக்கொட்டு, சர்ச் திருவிழா, கல்யாண வீடுன்னு கூப்பிட்ட இடத்துக்குப் போய், மணல்ல ரெண்டு மூங்கிலை நட்டு, திரையைக் கட்டி, விடிய விடிய படம் காட்டுறது. 1988 அக்டோபர்ல ரோட்டுப் பாலம் திறக்கற வரைக்கும் தீவை விட்டு வெளிய போக பாம்பன் பாலத்து ரயிலை விட்டா வேற நல்ல வழி கிடையாது. புரொஜக்டர் பெட்டி, டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி, ஸ்பீக்கர் பெட்டி, ரீல் டப்பா எல்லாத்தையும் பாசஞ்சர்ல ஏத்தி இறக்கியே முதுகு போச்சும்பார். அவரோடது இங்கிலாந்துல செஞ்ச பெல் அண்ட் ஹோவல். 110 வோல்ட்ல ஓடுற மெஷின், அதான் அந்த டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி. ஆம்ப்ளி உள்ளயே இருக்கு, வால்வு ஆம்ப்ளி.

ரீல்னு பார்த்தா கடைசியில ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். 1,200 அடி, கிட்டத்தட்ட 33 நிமிஷம் ஓடும். வீரபாண்டிய கட்டபொம்மன், ஜாக்சன் துரை சீன் வர்ற ரீல்! நம்ம ஜில்லாக்காரங்களுக்கு அந்த சீன் மேல தனிப் பாசம் உண்டு. 1798 செப்டம்பர்ல கட்டபொம்மன் நிஜமாவே கலெக்டர் ஜாக்சனைச் சந்திச்சது ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையிலதான்.

விஷயம் என்னன்னா, அத்தைக்கு இப்ப கண் தெரியாது. சர்க்கரை. ஆறு வருஷமாச்சு. மே லீவுக்குப் பேரப்பிள்ளைங்க வந்திருந்தப்ப, "அந்த மெஷின் இன்னொருக்க பேசுமாப்பா?"ன்னு மாமாவைக் கேட்காம என்னைக் கேட்டாங்க. 'அந்தப் படத்தை 2015-ல டிஜிட்டல்ல மெருகேத்தி திரும்ப ரிலீஸ் பண்ணினாங்களே, போன்லயே போட்டுக் காட்டலாமே'ன்னு நீங்க கேட்பீங்க. மச்சான் போட்டுக் காட்டியிருக்கான். "அது டிவி சத்தம்டா"ன்னு சொல்லிட்டாங்களாம்.

மெஷின் ஓடுச்சு. பெல்ட் மாத்தி எண்ணெய் விட்டதும் சமர்த்தா ஓடுச்சு. ஸ்பீக்கர் பெட்டிதான் காலி. உப்புக் காத்துல இரும்பு தின்னுபோய், பேப்பர் கோன் அப்பளமா நொறுங்குது. படத்தோட கலர் எல்லாம் போய் ஒரே செவப்பு. ஆனா ஓரத்துல ஓடுற சவுண்ட் டிராக் மட்டும் கருகருன்னு அப்படியே இருக்கு. இதுல ஒரு சூட்சுமம் உண்டு. படம் சாயத்துல இருக்கு, சத்தம் வெள்ளியில இருக்கு. எக்ஸைட்டர் லேம்ப்னு ஒரு குட்டி பல்பு, அதோட வெளிச்சம் டிராக் வழியாப் போய் போட்டோசெல்லுல விழுந்துதான் சத்தமா மாறுது. பல்பு வெளிச்சத்துல பெரும்பங்கு நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கலர் சாயம் அதைத் தடுக்காது, உள்ள விட்டுடும். அதனால கலர் பிரிண்ட்லயும் டிராக்குக்கு மட்டும் வெள்ளியை விட்டு வச்சாங்க. சாயம் வெளுத்தாலும் வெள்ளி நிக்கும். கண் தெரியாத மனுஷிக்கு மிச்சமிருந்த ரீல்ல, அவங்களுக்கு வேண்டியது மட்டும் பத்திரமா இருந்துச்சு.

இனிமேதான் வயர் கதை.

நான் போறதுக்கு முன்னாடியே மச்சான் ஒரு மைக் செட் பையனைக் கூட்டிட்டு வந்திருக்கான். புரொஜக்டர் முதுகுல ஸ்பீக்கர் ஓட்டை, கால் இஞ்ச் ஜாக். மிக்சர்ல மைக் ஓட்டை, அதுவும் கால் இஞ்ச் ஜாக். இதுல இருந்து எடுத்து அதுல சொருகிட்டான். கரகரன்னு ஒரு கத்தல், ரெண்டு நிமிஷத்துல அந்த சேனல் அவுட். பையனைக் குத்தம் சொல்ல மாட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓட்டையை வச்சா யாருக்குத்தான் சொருகத் தோணாது?

கணக்கைப் பாருங்க. மெஷின்ல 15 ஓம் ஸ்பீக்கர்னு எழுதியிருக்கு. ஆம்ப்ளி ஒரு 15 வாட்னு வச்சுப்போம். வோல்டேஜ் 15 பெருக்கல் 15-க்கு வர்க்கமூலம், அதாவது 15 வோல்ட். இப்ப நம்ம வீட்ல இருக்கற சாமான்களோட ஆக்ஸ் இன்புட் எதிர்பார்க்கறது சுமாரா 0.3 வோல்ட். ஐம்பது மடங்கு வித்தியாசம். மைக் இன்புட்டுன்னா ஆயிரக்கணக்கான மடங்கு. குடிக்கத் தண்ணி கேட்டவன் வாயில ஃபயர் சர்வீஸ் குழாயை வச்ச கதைதான்.

செஞ்சது இவ்வளவுதான். மதுரை டவுன்ஹால் ரோட்ல 15 ஓம், 25 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒண்ணு வாங்கி, ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்துல மாட்டினேன். இதை மட்டும் விட்றாதீங்க. வால்வு ஆம்ப்ளிக்கு லோடு இல்லாம சத்தம் வச்சா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்ல வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் பொத்துக்கும். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு இன்னிக்கு எங்க போய் அலையறது? ரெசிஸ்டர் நல்லா சூடாகும், ஒரு அலுமினியத் தகட்டுல முடுக்கி, கை படாத இடத்துல வைங்க. அதுக்கு அடுத்தாப்ல 10,000 ஓம் ஒண்ணு வரிசையா, 220 ஓம் ஒண்ணு குறுக்கால. அந்த 220-க்கு ரெண்டு முனையிலயும் கிடைக்கறது 0.32 வோல்ட். அதை ஆக்ஸ்ல கொடுத்தாச்சு. உள்ள திறந்து வால்யூம் கன்ட்ரோல்ல இருந்தே இழுத்துக்கலாம்னு சில பேர் யோசனை சொன்னாங்க. இருநூத்தைம்பது முந்நூறு வோல்ட் டிசி சுத்துற இடம் அது. ஸ்விட்சை அணைச்ச பிறகும் கண்டன்சர்ல தங்கியிருக்கும். எனக்கு அந்தத் தைரியம் இல்ல, உங்களுக்கும் வேண்டாம்.

மச்சானோட பெரிய டப்பா ஸ்பீக்கர்ல ப்ளூடூத் இருந்துச்சு. வயரே வேணாம், ஒரு டிரான்ஸ்மிட்டர் போதும்னான். போட்டுப் பார்த்தோம். பேரன்தான் கண்டுபிடிச்சான், "தாத்தா, வாய் மொதல்ல அசையுது, சத்தம் பின்னாடி வருது." ப்ளூடூத்துல 200 மில்லிசெகண்ட் தாமதம்ங்கறது சாதாரணம். நொடிக்கு 24 கட்டம்னா அது அஞ்சு கட்டம். 16 எம்எம்ல ஒரு படத்துக்கு உண்டான சத்தத்தை 26 கட்டம் முன்னாடி அடிச்சிருப்பாங்க, ஏன்னா சத்தம் படிக்கற டிரம் லென்ஸைத் தாண்டிக் கீழ இருக்கு. கீழ் லூப்பைக் குறைச்சா சத்தம் ஒரு கட்டம், ரெண்டு கட்டம் முன்னாடி வரும். மாமா அந்தக் காலத்துல கூட்டத்தோட நடுவுல உக்கார்றவனுக்குச் சரியா வர்ற மாதிரி லூப்பை வைப்பாராம். காத்துல சத்தம் 14 மீட்டர் போறதுக்குள்ள ஒரு கட்டம் ஓடிடுமே. ஆனா அஞ்சு கட்டத்தை லூப்புல சரிக்கட்ட முடியாது. வயர்தான் வழி.

அடுத்தது உறுமல். மெஷின், ஸ்பீக்கர் ரெண்டும் கரண்ட்ல இருக்கறதால எர்த் வழியா ஒரு வட்டம் உண்டாகி 50 ஹெர்ட்ஸ்ல ம்ம்ம்னு இரையும். எர்த் பின்னை ஒடிச்சா உறுமல் நின்னுடும், ஒருநாள் ஆளும் நின்னுடுவான். அந்த வேலை வேண்டவே வேண்டாம். நடுவுல 600-க்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு போட்டா கம்பித் தொடர்பு அறுந்து, சத்தம் மட்டும் தாண்டிப் போகும். பாதி உறுமல் அப்படிப் போச்சு. மிச்சம் இருந்தது கொஞ்சம் உசந்த சுதி, 100 ஹெர்ட்ஸ். அது வயர்ல வர்றது இல்ல, உள்ள இருக்கற பழைய ஃபில்டர் கண்டன்சர். அதை மதுரையில ஒரு பெரியவர்கிட்ட கொடுத்து மாத்தினோம்.

எல்லாம் முடிஞ்சு போட்டா, அத்தை முகம் சுளிக்கறாங்க. "என்னமோ பொரியற மாதிரி இருக்கு. சிவாஜி தகர டப்பாக்குள்ள நின்னு பேசறார்."

உண்மைதான். 16 எம்எம் பிலிம் நொடிக்கு 7.2 இஞ்ச்தான் நகருது, 35 எம்எம் 18 இஞ்ச் நகரும். அதனால 16 எம்எம்ல அஞ்சாயிரம், ஆறாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல விஷயமே கிடையாது. அதுக்கு மேல இருக்கறதெல்லாம் கீறலும் தூசியும்தான். பழைய பேப்பர் கோனுக்கு அது எட்டாது, காதுக்கும் வராது. இப்போதைய ஸ்பீக்கர் இருபதாயிரம் வரைக்கும் போகுமாம், பெருமையா அந்தத் தூசியை எல்லாம் பாடிக் காட்டுது. கீழயும் அப்படித்தான், மோட்டார் அதிர்வெல்லாம் தும் தும்னு வருது. நல்ல ஸ்பீக்கர்ல போட்டா நல்லா இருக்கும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. மச்சான் இரவல் வாங்கி வந்த வேறொரு மிக்சர்ல 100-க்குக் கீழயும் 6,000-க்கு மேலயும் வெட்டினேன். 2,500 பக்கம் மட்டும் துளி ஏத்தினேன். மாமா பக்கத்துல நின்னு, "இன்னும் கொற அப்பு, இன்னும்"ன்னு சொல்லிட்டே இருந்தார். மச்சானுக்கு மனசே இல்ல, பாஸ் வரணும்னு நாலு நாள் அலைஞ்சு வாங்கின ஸ்பீக்கராச்சே :-)

ராத்திரி எட்டு மணிக்கு முற்றத்துல திரும்பப் போட்டோம். செவந்து போன படத்தைப் பிள்ளைங்க பார்த்துச்சுங்க. அத்தை திரைக்கு முதுகைக் காட்டி, ஸ்பீக்கரைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உக்காந்தாங்க. ஜாக்சனா வர்ற சி.ஆர்.பார்த்திபன் வாயைத் திறந்ததும் இவங்க பதிலை முந்திக்கிட்டு முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க. சிவாஜி சொல்றதுக்கு அரை நொடி முன்னாடியே. ப்ளூடூத்தா இருந்திருந்தா இன்னும் முந்தியிருப்பாங்க.

ரீல் முடிஞ்சு வால் டப் டப்னு அடிக்கறப்ப, "அணைச்சுராதப்பா, சத்தம் ஓடட்டும்"னாங்க. மாமா அணைக்கல. ரெண்டு பேரும் அப்படியே உக்காந்திருந்தாங்க.

ஒரே கவலை, அந்த எக்ஸைட்டர் பல்பு. நாலு வோல்ட், முக்கால் ஆம்பியர், கழுத்துல விளிம்பு வச்ச வகை. இப்ப இருக்கறது கண்ணாடி கறுத்துப்போய் நாளை எண்ணிட்டு இருக்கு. எல்இடி வச்சுப் பார்க்கலாமான்னு யோசனை ஓடுது, அகச்சிவப்பு எல்இடின்னா இந்த வெள்ளி டிராக்கைப் படிச்சிடணும். அதுக்குள்ள உங்க ஊர்ப் பழைய சாமான் கடையில அந்தப் பல்பு எங்கயாவது கண்ல பட்டா, விலை பேசாம ரெண்டா வாங்கி வைங்க. பணம் அனுப்பிடறேன்.