கோதுமை இல்லாத ஒரு கேக்கின் வம்சாவளி

ஷிஃபான் கேக்கின் பிறப்பைத் தேடிப் போகிறவர்களுக்கு முதலில் அகப்படுகிறவர் ஹாரி பேக்கர் என்ற இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். 1920களில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்து குடியேறியவர். 1927-ல் தன் வீட்டு அடுப்பில் புதுவிதமான கேக் ஒன்றைச் செய்து, ஹாலிவுட் நடிகர்கள் வந்துபோகும் பிரவுன் டெர்பி உணவகத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தார். பஞ்சு மாதிரி லேசாகவும் இருந்தது, மறுநாளும் வறண்டு போகவில்லை. உள்ளே என்ன சேர்க்கிறார் என்பதை இருபது வருடம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. 1947-ல் ஜெனரல் மில்ஸ் மாவு நிறுவனம் அந்த ரகசியத்தை விலை கொடுத்து வாங்கியது. மறுவருடம் செய்முறை பத்திரிகையில் வந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அவர் வெண்ணெய்க்குப் பதிலாகச் சமையல் எண்ணெய் ஊற்றியிருந்தார்.

கேக் வரலாறு பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. சிகாகோவில் இருக்கும் என் தங்கை மகளுக்குச் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை என்ற தானியங்களில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அவளுடைய சிறுகுடலையே தாக்கும். அக்டோபர் பிறந்துவிட்டால் அந்த ஊரில் எங்கே திரும்பினாலும் பரங்கிக்காயும் பட்டை வாசனையும்தான். அவள் வகுப்புப் பிள்ளைகள் தின்னும் கேக்கை அவளும் தின்ன வேண்டும் என்று தங்கை ஆசைப்பட்டாள். தங்கை கடைசியில் வந்து சேர்ந்தது கோதுமை இல்லாத பரங்கிக்காய் ஷிஃபான் கேக்கில். அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைத்தான் நான் தேடினேன்.

ஷிஃபானைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருக்கிறது. ரொட்டியைத் தூக்கி நிறுத்துவது க்ளூட்டன்; ஷிஃபானைத் தூக்கி நிறுத்துவது முட்டை வெள்ளைக்கரு. வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரை கட்டியாக நிற்கும்வரை அடித்து, மஞ்சள் கரு, எண்ணெய், பரங்கிக்காய் விழுது, மாவு கலந்த கலவையில் நுரை உடையாமல் மடித்துச் சேர்க்கிறோம். நடுவில் குழாய் வைத்த அச்சு அதற்கு வேண்டும். அச்சில் எண்ணெய் தடவக் கூடாது, மாவு சுவரைப் பற்றிக்கொண்டுதான் ஏறும். வெந்ததும் அச்சோடு தலைகீழாகக் கவிழ்த்து ஆறவிட வேண்டும். ஆறும் முன் நிமிர்த்தினால் தன் கனத்திலேயே அமுங்கிவிடும். ஆக, மாவுக்கு இதில் வேலை குறைவு. மைதாவுக்குப் பதில் நன்றாகச் சலித்த அரிசி மாவும் கொஞ்சம் மரவள்ளி ஸ்டார்ச்சும் அந்த வேலையைச் செய்துவிடும்.

சங்கடம் பரங்கிக்காயில் இருக்கிறது. அது முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். விழுதை அடிகனமான பாத்திரத்தில் கிளறி வற்றவைத்தாலும், அரிசி மாவால் அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள முடிவதில்லை. அடியில் களி போல ஒரு பட்டை படிந்துவிடுகிறது. அதைத் தடுக்கத் தங்கை அரை டீஸ்பூன் வெள்ளைத் தூள் போடுவாள். அதன் பெயர் சாந்தன் கம். அந்தத் தூளைப் பின்தொடர்ந்து போனதில்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம் காத்திருந்தது.

முட்டைக்கோஸ் குடும்பத்துச் செடிகளைக் கருப்பாக அழுகவைக்கும் ஒரு பாக்டீரியா உண்டு. அது சர்க்கரையைத் தின்று ஒரு பசையைச் சுரக்கிறது. அதுதான் சாந்தன் கம். அந்தப் பசைக்குள் எத்தனை பயன் இருக்கிறது என்று கண்டவர்கள் அல்லீன் ஜீன்ஸ் என்ற வேதியியலாளரும் அவருடைய சகாக்களும். இடம், இல்லினாய் மாநிலம் பியோரியா நகரில் இருந்த அமெரிக்க வேளாண் துறை ஆய்வகம். இரண்டாம் உலகப் போரின்போது பெனிசிலினைப் பெருமளவில் தயாரிக்க வழிகண்ட அதே ஆய்வகம். ரத்தம் இழந்த போர்வீரர்களுக்கு ஏற்றப்பட்ட டெக்ஸ்ட்ரானிலும் ஜீன்ஸின் உழைப்பு இருக்கிறது. சாந்தன் கம்மை உணவில் சேர்க்க அமெரிக்க அரசு 1969-ல் அனுமதி தந்தது.

வரைபடத்தில் பியோரியாவைத் தேடினால் பக்கத்திலேயே மார்ட்டன் என்ற சிற்றூர் தெரியும். அமெரிக்காவில் டப்பாவில் அடைத்து விற்கும் பரங்கிக்காய் விழுதில் பெரும்பகுதி அந்த ஊர் லிப்பிஸ் ஆலையிலிருந்து வருகிறது. தங்கை வாங்குவதும் அந்த டப்பாதான். அதற்குள் இருப்பது ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் ஆரஞ்சுப் பூசணி அல்ல. வெளிறிய தோலுள்ள டிக்கின்சன் ரகம். தாவரவியல்படி அது நம் சந்தையில் கீற்றுப் போட்டு விற்கும் பரங்கிக்காயின் இனமே, குக்குர்பிட்டா மாஸ்கட்டா. நம் பரங்கிக்காயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்ததுதான். கேக்கின் காயும் அதைத் தாங்கும் பசையும் ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள் என்பது எனக்கு அளவில்லாத சந்தோஷம் தந்தது.

கேக்கில் சேரும் மசாலாவின் கதை சுருக்கமானது. 1796-ல் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்ட அமெரிக்கச் சமையல் நூலிலேயே பரங்கிக்காயோடு ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் இஞ்சியும் சேர்ந்துவிட்டன. 1934-ல் மெக்கார்மிக் நிறுவனம் இப்படிப்பட்ட மசாலாக்களை ஒரே டப்பியில் கலந்து விற்றது.

நான் அதிக நாள் செலவிட்டது சீலியாக் நோயின் காரணத்தைக் கண்ட டிக்கேயிடம்தான். வில்லெம் காரெல் டிக்கே, நெதர்லாந்தின் ஹேக் நகரக் குழந்தை மருத்துவர். அவர் காலத்தில் சீலியாக் குழந்தைகள் வயிறு உப்பி, கைகால் சூம்பி இறந்துபோவது சாதாரணம். 1924-ல் நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையைக் கொண்டுவந்தார்; குழந்தைகள் தேறினார்கள். பழத்தின் மகிமை என்று உலகம் நம்பியது. உண்மையில் அந்த உணவில் ரொட்டி இல்லை. டிக்கே 1930களிலேயே கோதுமையைச் சந்தேகித்து அதை நிறுத்திப் பார்த்தார். 1941-ல் எழுதியும் வைத்தார். பிறகு 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் நெதர்லாந்தைப் பஞ்சம் பிடித்தது. மக்கள் டூலிப் கிழங்கை அவித்துத் தின்றார்கள். நாடே மெலிந்த அந்த மாதங்களில் சீலியாக் குழந்தைகள் நன்றாக இருந்தார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்பியது. டிக்கே 1950-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வேட்டைத் தந்தார். சகாக்கள் வான் டி காமர், வெயர்ஸ் இருவருடன் சேர்ந்து, குற்றவாளி கோதுமையின் ஸ்டார்ச் அல்ல, க்ளூட்டன் என்று நிறுவினார்.

ஹாரி பேக்கரின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் கண்டதைப் பூட்டி வைத்தார். டிக்கேயும் ஜீன்ஸும் கண்டதை எழுதி உலகத்திடம் கொடுத்தார்கள். என் தங்கை மகள் தட்டில் இருக்கும் துண்டு இந்த இருவருக்கே அதிகம் கடன்பட்டது. கேக் புத்தகங்களில் இவர்கள் பெயர் இடம்பெற வேண்டும்.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாம் அரிசிச் சோறு தின்கிறவர்கள், நமக்கு இந்த நோய் எட்டாது என்று இருந்துவிடாதீர்கள். ரவையிலும் சேமியாவிலும் கோதுமை உண்டு, கடையில் வாங்கும் பெருங்காயத் தூளில்கூடப் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். வீட்டில் ஒரு குழந்தை ஓயாமல் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டு வளராமல் இருந்தால் மருத்துவரிடம் சீலியாக் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். முன்பே நிறுத்தினால் நோய் இருந்தும் ரத்தத்தில் தெரியாமல் போய்விடும்.