கருங்குழிக்கு ஒரு கணினிப் பெட்டி

ஊர்ப் பெயரைச் சொன்னதும், "வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்த ஊரா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அந்தக் கருங்குழி வடலூருக்கு அருகில் இருக்கிறது. எங்களுடையது செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிக் கிடப்பது. தண்ணீரில் விளக்கெரிந்த அற்புதம் இங்கே நிகழவில்லை. மின்சாரத்தில் விளக்கெரிவதே சில மாலைகளில் எங்களுக்கு அற்புதமாக இருந்திருக்கிறது.

அந்த மின்சாரத்தை நம்பித்தான் 2025 டிசம்பரில் எங்கள் மகனுக்கு ஒரு விளையாட்டுக் கணினி வாங்க முனைந்தோம். அவனுக்கு இருபத்திரண்டு வயது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளி. இரவுப் பணி, பகல் பணி என்று மாறி மாறிப் போய் ஐம்பதாயிரம் சேர்த்திருந்தான். மீதியை நாங்கள் ஏலச்சீட்டிலிருந்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். "கேம் விளையாடவா இவ்வளவு பணம்? இந்த ரம்மியைத்தான் தடை பண்ணிட்டாங்களே" என்றார் உறவினர் ஒருவர். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோது, மின்விளையாட்டுப் போட்டிகளைத் தனியே பிரித்து அங்கீகரித்தது என்பதை அவருக்கு விளக்கி மாளவில்லை. விளக்கியிருந்தாலும் உண்மைக் காரணம் அதுவல்ல. அவனோடு பத்தாம் வகுப்பில் படித்த நால்வரில் ஒருவன் சிங்கப்பூரில் இருக்கிறான், ஒருவன் கோயம்புத்தூரில். ஐவரும் கூடுகிற திண்ணை இன்று அந்த விளையாட்டு ஒன்றுதான். பழைய கணினி திணறித் திணறி நிற்கையில் அவன் பாதியில் எழுந்து போகவேண்டியிருந்தது. அவனில்லாமல் ஆடப் பழகிவிடுவார்களோ என்ற பயம் அவன் முகத்தில் தெரிந்தது.

நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பட்டியல் எழுதி வந்தான். உதிரிபாகங்களாக வாங்கிக் கோப்பதுதான் இத்தகைய கணினிக்கு வழக்கம். மளிகைப் பட்டியலைப் போல இதிலும் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்கவேண்டும். முதலிடத்தில் கிராபிக்ஸ் கார்டு. திரையில் ஓடும் காட்சியை நொடிக்கு அறுபது, நூறு முறை வரைந்து தள்ளுவது அதுதான் என்பதால் பணத்தின் பெரும்பகுதி அதற்கே போய்விடுகிறது. 2025 ஜனவரியில் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 5090 என்ற அட்டை மட்டும் 575 வாட் வரை இழுக்குமாம். ஏறக்குறைய முக்கால் குதிரைத்திறன் மோட்டார்! கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் சக்தியில் பூதம் வரைகிறார்கள். நல்லவேளையாக அதன் விலையைப் பார்த்து அவனே சிரித்துவிட்டான். அவன் கேட்டது 250 வாட் இழுக்கும் 5070.

அடுத்தது செயலி. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7 7800 எக்ஸ் 3டி. 2023-இல் வந்தது, எட்டு உட்கருக்கள், அதன்மேல் அடுக்கிய கூடுதல் நினைவகத்தோடு சேர்த்து 96 மெகாபைட் இடைமாற்று நினைவகம். இது எதற்கு என்று கேட்டோம். அவன் சமையலறையைக் காட்டினான். கடுகுக்கும் சீரகத்துக்கும் ஒவ்வொரு முறையும் பரணுக்கு ஏறி இறங்கினால் தாளிப்பு தீய்ந்துபோகும். அஞ்சறைப்பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் கை நீட்டினால் போதும். இந்தச் செயலியின் அஞ்சறைப்பெட்டி பெரியது. விளக்கம் எங்களுக்குப் பிடித்துவிட்டது. (தொழிற்கல்விப் பாடநூல்களை இவனை வைத்து எழுதச் செய்யலாம் என்று தோன்றியது பெற்ற மயக்கமாக இருக்கலாம்.)

நினைவகத்தில்தான் முதல் அடி விழுந்தது. செப்டம்பரில் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி விலை சொல்லப்பட்ட 32 ஜி.பி. இணை, டிசம்பரில் இரண்டு மடங்கையும் தாண்டிப் போயிருந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உலகின் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டிருந்தன. சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே நிறுவனங்கள் பெரும்பகுதியைச் செய்கின்றன. அந்த டிசம்பர் 3 அன்று, குரூஷியல் என்ற பெயரில் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த வணிகத்தையே மூடப்போவதாக மைக்ரான் அறிவித்தது. எங்கோ ஒரு கிடங்கில் இயந்திரம் கவிதை எழுதப் பழகுவதற்கும் எங்கள் சீட்டுப் பணம் போதாமற்போவதற்கும் தொடர்பு உண்டு என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம். இவை அனைத்துக்கும் மேல் பதினெட்டு விழுக்காடு ஜி.எஸ்.டி. எங்கள் ஊர் வழியே ஓடும் சாலைக்கும் அதே பெயர் என்பதால், 'ஜி.எஸ்.டி. குறுக்கிடுகிறது' என்றால் எங்களுக்கு விபத்துதான் நினைவுக்கு வருகிறது.

ஏறிய நினைவக விலையைச் சரிக்கட்ட அவன் ஒரு வழி கண்டிருந்தான். பட்டியலின் கடைசி வரியில், மற்றவற்றைவிடச் சிறிய எழுத்தில், 'எஸ்.எம்.பி.எஸ். – 2,200' என்றிருந்தது.

எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தைக் கணினிக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தரும் பெட்டி. அதனால் விளையாட்டு ஒரு நூலளவும் வேகமாகாது. ஆகவே குறைப்பவர்கள் எல்லாரும் அதில்தான் கைவைக்கிறார்கள். "எல்லாரும் இதைத்தான்ப்பா போடுறாங்க" என்றான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே வாக்கியத்தை எங்களில் ஒருவர் சொல்லியிருந்தோம். அது யார் என்பதில் இன்றுவரை எங்களுக்குள் உடன்பாடில்லை.

2003. அவன் பிறந்த ஆண்டு. முப்பதாயிரத்துக்குள் ஒரு கணினியைக் கோத்து வாங்கியிருந்தோம். நாற்பது ஜி.பி. வன்தட்டு, 128 எம்.பி. நினைவகம், மேசையில் பாதியை அடைத்துக்கொண்ட கண்ணாடிக் குழாய்த் திரை. எங்களுக்கு அது தமிழ் எழுதும் பொறி. முரசு அஞ்சலில் தட்டச்சு செய்வோம். திஸ்கி எழுத்துருவில் சேமிப்போம். அப்போது எங்கள் தெருவில் நடவுக்குப் போய்வந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். ஊரே அவரை ஆயா என்றுதான் அழைக்கும். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று அவரிடமிருந்து அறுபத்து நான்கு பாடல்களை மூன்று நோட்டுகளில் எழுதி எடுத்திருந்தோம். ஏரி நிரம்பிய ஆண்டுகளின் பாட்டு வேறு, வறண்ட ஆண்டுகளின் பாட்டு வேறு என்று அவர் பிரித்துச் சொல்வார். இரவுகளில் ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டச்சு செய்ய, ஆறு மாதத்தில் முடித்தோம். முடித்த தைரியத்தில், கறையான் ஏறத் தொடங்கியிருந்த அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டோம்.

அந்தக் கணினியின் எஸ்.எம்.பி.எஸ். தூக்கினால் பஞ்சு போலிருக்கும். பின்புறம் 115, 230 என்று தள்ளும் சிவப்பு விசை ஒன்று. ஒரு மழைநாள் மாலையில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. நான்காம் முறை வந்தபோது பட்டாசுத் திரி போன்ற ஓர் ஓசை, பிறகு மீன் கருகிய வாடை. கழற்றிப் பார்த்தவர் உள்ளேயிருந்த மின்தேக்கிகளைக் காட்டினார். தலை உப்பிய காளான்கள் போலிருந்தன. 2000-களின் தொடக்கத்தில் தரங்கெட்ட மின்தேக்கிகள் உலகெங்கும் கணினிகளைச் சாகடித்தன என்பதையெல்லாம் பின்னாளில்தான் படித்தோம். போகிற போக்கில் அந்தப் பெட்டி மதர்போர்டையும் வன்தட்டையும் சேர்த்துக்கொண்டு போனது. தகவலை மீட்டுத் தரக் கேட்ட தொகை புதுக் கணினியின் விலையைத் தாண்டியது. கைக்குழந்தையோடு அந்தப் பணத்துக்கு எங்கே போவோம்? ஆயாவிடம் திரும்பப் போய் நின்றோம். "அப்ப சொன்னது அப்பம்மா. இப்ப வாய்க்கு வரலியே" என்றார். ஓரிரு அடிகள் வந்தன. பிறகு பேத்தியின் பெயரே மறந்தது. 2004 தையில் போய்ச் சேர்ந்தார். சோதனைக்காக நெகிழ்தட்டு ஒன்றில் நகலெடுத்து வைத்திருந்த பதினொரு பாடல்கள் மட்டும் எஞ்சின.

இதை நாங்கள் மகனிடம் சொன்னதே இல்லை. துக்கம் என்பதைவிட வெட்கம் என்றுதான் சொல்லவேண்டும். அன்று சொன்னோம். பீரோவின் அடியறையிலிருந்து அந்த வன்தட்டை எடுத்துக் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் பட்டியலை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான்.

இறங்கி வந்தபோது 7800 எக்ஸ் 3டி அடிக்கப்பட்டு ரைசன் 5 7600 ஆகியிருந்தது. ஆறு உட்கருக்கள், 65 வாட். ஏ.எம்.5 என்ற அதே பொருத்துவாயை 2027-உம் அதற்குமேலும் ஆதரிப்பதாக நிறுவனம் சொல்லியிருப்பதால், பின்னொரு நாள் செயலியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. 5070 போய் 16 ஜி.பி. நினைவகத்தோடு 160 வாட்டில் அடங்கும் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. நினைவகத்தில் ஒரே ஒரு 16 ஜி.பி. தகடு, இரட்டையாகப் போட்டால்தான் முழு வேகம் என்று அவனுக்குத் தெரியும். விலை இறங்கும்வரை பக்கத்துக் காடி காலியாகக் கிடக்கட்டும் என்றான். மிச்சமான பணம் முழுவதும் கடைசி வரிக்குப் போயிருந்தது. நாங்கள் அவனை அவ்வளவு குறைக்கச் சொல்லவில்லை. சொல்லாமலே சொல்லிவிட்டோமோ என்ற உறுத்தல் இருக்கிறது.

செங்கல்பட்டுவரை பேருந்து, அங்கிருந்து மின்சார ரயில், பூங்கா நிலையத்தில் இறங்கி ரிச்சி தெரு. நுழைந்ததும் ஒருவர் "என்ன வேணும் சார்?" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைப்பதும், தலைக்குமேல் கம்பிகள் பின்னிக் கிடப்பதும் 2003-இல் இருந்தபடியே இருந்தன. ஒரு கடையில் '450 வாட்' என்று அச்சிட்ட பெட்டியை நீட்டினார்கள். மகன் அதன் பக்கவாட்டு அட்டவணையைக் காட்டினான். கணினியின் இரு பெரும் தீனிக்காரர்களான செயலியும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது 12 வோல்ட் தடத்திலிருந்துதான். அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 192 வாட். பெயருக்கு 450, பந்திக்கு 192. '80 பிளஸ்' முத்திரையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம் என்றான். அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று, எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு அல்ல. சோதனையும் 23 பாகைச் சூட்டில் நடப்பது. எங்கள் அக்கினி நட்சத்திரத்தை அந்த ஆய்வகம் கண்டிருக்காது.

கடைசியில் வாங்கியது 650 வாட், தங்க முத்திரை, 100 முதல் 240 வோல்ட் வரை தானே ஏற்றுக்கொள்வது. சிவப்பு விசை கிடையாது. எடுத்துக் கொடுத்தபோது கை கீழே இறங்கியது. அந்த கனத்தில் எங்களுக்கு ஓர் ஆறுதல். கூடவே தூய சைன் அலை தரும் யு.பி.எஸ். ஒன்று. மின்சாரம் அறுந்தால் நல்ல எஸ்.எம்.பி.எஸ். தாக்குப்பிடிப்பது நொடியின் ஆயிரத்தில் பதினாறு பதினேழு பங்கு நேரம்தான். வீட்டு இன்வெர்ட்டர் அதற்குள் விழித்துக்கொள்ளும் என்ற உறுதியில்லை.

மதுராந்தகம் ஏரியைக் காத்த ராமர் கதையை இங்கே சொல்லாமல் போனால் எங்கள் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1790-களில் ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸ், உடையவிருந்த கரையின்மேல் இரு வில்லாளிகள் காவல் நிற்கக் கண்டார் என்பது கதை. நாங்கள் வேறு ஏற்பாடு செய்தோம். கரித்துண்டும் உப்பும் போட்டுப் புதைத்த எங்கள் எர்த் குழி பத்தாண்டாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தது; பழைய கணினியின் கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இழுத்தது அதனால்தான். மின்பணியாளரை அழைத்துப் புதிதாகத் தோண்டினோம். வெயில் காலத்தில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். இணையத்தில் ஒளியையும் விழுங்கும் கருந்துளையைக் 'கருங்குழி' என்று எழுதுவோரும் உண்டு. எங்கள் சீட்டுப் பணத்தின் கடைசித் துணுக்கு இந்தக் குழிக்குள் போனபோது அந்தச் சொல்லாட்சி சரியென்றே பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கூடத்தில் பாய் விரித்து அவனே கோத்தான். பொத்தானை அழுத்தியபோது நாங்கள் இருவரும் தன்னையறியாமல் இரண்டடி பின்வாங்கினோம். அவன் பார்த்துவிட்டான். விசிறிகள் சுழன்றன. வாடை எதுவும் இல்லை.

மறுவாரம் அவன் கேட்டது நெகிழ்தட்டை. யு.எஸ்.பி.யில் செருகும் படிப்பி ஒன்றை ரிச்சி தெருவிலேயே வாங்கிவைத்திருக்கிறான், எங்களிடம் சொல்லவில்லை. கோப்புகள் திறந்தபோது திரை முழுவதும் தலையில் கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள். கெட்டுவிட்டது என்று அவன் நினைத்தான். இல்லை, அது திஸ்கி என்றோம். அந்த ஒரு நாள் எங்களுக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாமலிருந்தது. ஒருங்குறிக்கு மாற்றியதும் ஆயாவின் நடவுப் பாட்டு ஒன்று எழுந்து நின்றது. பதினொன்றில் ஒன்பது திறந்தன. திறக்காத இரண்டில் ஒன்று, ஏரி வறண்ட ஆண்டுக்கானது. அதன் முதலடி எங்களில் ஒருவருக்கு நினைவிருக்கிறது; மற்றவர் அது வேறு பாட்டின் அடி என்கிறார்.

ஒன்பதையும் மூன்று இடங்களில் நகலெடுத்து வைத்தான். மணி பத்தாகிவிட்டது, சிங்கப்பூரில் நள்ளிரவு தாண்டியிருக்கும், காத்துக்கொண்டிருப்பான் என்று சொல்லிக் காதில் ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினான்.