டாக்டர் பட்டம் வேறு, லைசென்ஸ் வேறு

"பி.காம். முடிச்சிட்டு சைக்காலஜிஸ்ட் ஆக முடியுமாடா?" எங்கள் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் குறைவு. காஸ்ட் அக்கவுண்டிங் சலித்துப் போனதாலா, சினிமா பார்த்ததாலா தெரியவில்லை, மூன்றாம் வருஷம் வந்ததும் பாதிப் பேருக்கு அடுத்தவர் மனசைப் படிக்கும் ஆசை வந்துவிடுகிறது :-) கொஞ்ச நாளாக இதைத் துருவிக்கொண்டிருந்தேன். தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் ஒரு குழப்பம். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநலம் படித்தவர். மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) மாத்திரை எழுத மாட்டார். சோதனைகள் வைத்துப் பிரச்சினையைக் கண்டறிவார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். நம்மைப் போன்ற காமர்ஸ் ஆட்கள் நினைத்துப் பார்க்கக் கூடியது இந்த இரண்டாவதைத்தான்.

அமெரிக்காவில் இதற்கு டாக்டர் பட்டம் வேண்டும். பிஎச்.டி. அல்லது சைடி (டாக்டர் ஆஃப் சைக்காலஜி). ஆராய்ச்சியும் சிகிச்சையும் இரண்டும் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று 1949-ல் போல்டர் நகரத்தில் நடந்த மாநாட்டில் முடிவு செய்தார்கள். சிகிச்சைக்கே முதலிடம் தரும் சைடி பட்டத்துக்கு 1973 வெய்ல் மாநாடு பச்சைக்கொடி காட்டியது. ஆனால் பட்டம் வாங்கியதும் போர்டு மாட்டிவிட முடியாது. மேற்பார்வையில் வேலை பார்த்த மணிக்கணக்கைக் காட்ட வேண்டும், 225 கேள்விகள் கொண்ட தேசிய அளவிலான ஒரு தேர்வை எழுத வேண்டும், அதற்குப் பிறகுதான் மாநில அரசின் லைசென்ஸ்.

நம் நாட்டில் கதை வேறு. இங்கே லைசென்ஸ் என்பது ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு. 1992-ல் வந்த சட்டம். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பதிவைப் பெறப் பல ஆண்டுகளாக இருந்த வழி எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. உளவியல், அதற்கு மேல் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி. பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி சி.ஐ.பி., சென்னையில் ஸ்ரீராமச்சந்திரா போன்ற இடங்களில் நடந்த படிப்பு இது. நோயாளிகளோடு இருந்து, மேற்பார்வையில் கற்றுக்கொள்ள வேண்டும். நான்கு வருட சைடி படிப்புக்கும் ஆர்.சி.ஐ. பாடத்திட்டம் வகுத்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யார் என்பதை இந்த ஆர்.சி.ஐ. அங்கீகாரத்தை வைத்தே வரையறுக்கிறது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். உளவியலில் வெறும் பிஎச்.டி. வாங்கியவர் "டாக்டர்" என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம். நோயாளி பார்க்கும் உரிமை அதனால் வந்துவிடாது. நம் பாஷையில் சொன்னால், காமர்ஸில் பிஎச்.டி. வாங்கிய பேராசிரியர் கம்பெனி ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியுமா? முடியாது. அதற்கு ஆர்டிகிள்ஷிப் செய்து, சி.ஏ. பாஸ் செய்து, இன்ஸ்டிடியூட்டில் மெம்பராக இருக்க வேண்டும். எம்.ஃபில். இரண்டு வருஷத்தை அவர்களுடைய ஆர்டிகிள்ஷிப் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு இழுத்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் அத்தை மகனுக்குக் கைகழுவிக்கொண்டே இருக்கும் பிரச்சினை. தோல் உரிகிற அளவுக்குக் கழுவுவான். "டாக்டர்" என்று போர்டு போட்ட ஒருவரிடம் ஐந்து மாதம் கூட்டிப் போனார்கள். போகும்போதெல்லாம் ஃபீஸ், தன்னம்பிக்கைப் பேச்சு, ஒரு சி.டி. பிறகுதான் தெரிந்தது, அந்த டாக்டர் பட்டத்துக்கும் மனநலத்துக்கும் சம்பந்தமே இல்லை. மதுரையில் முறையாகப் படித்தவரிடம் காட்டிய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான். போன ஐந்து மாதத்தில் அவன் ப்ளஸ் டூ பரீட்சையும் போயிருந்தது.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதியை எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் மறக்கவில்லை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். படித்த ஆள் பக்கத்தில் இல்லாத இடத்தில் குடும்பங்கள் கிடைத்ததைப் பிடித்துக்கொள்கின்றன. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநோய் உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் (நோய்க்கு ஏற்ப மாறும்) சிகிச்சை பெறவில்லை. ஆள் பற்றாக்குறை அவ்வளவு. அதற்காகத் தகுதியைத் தளர்த்திவிடலாம் என்பவர்களுக்கு என் அத்தை மகனைக் காட்டுவேன்.

சரி, நம் கணக்குக்கு வருவோம். எந்த டிகிரி முடித்தவரையும் எம்.ஏ. உளவியலில் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, 2025 வரை இக்னோவும் அப்படித்தான் சேர்த்தது. எம்.ஏ. இரண்டு, மேல்பயிற்சி இரண்டு, ஆக பி.காமுக்குப் பின் குறைந்தது நான்கு வருஷம். எம்.ஃபில். நுழைவுக்கு 55 சதவீதம் கேட்டார்கள், இடங்களோ மிகக் குறைவு. இன்னொரு சிக்கல், யுஜிசி 2022 நவம்பரில் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. கிளினிக்கல் சைக்காலஜிக்கு 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தது. ஆகவே பணம் கட்டும் முன் அந்த வருஷத்துக்கான ஆர்.சி.ஐ. பட்டியலில் உங்கள் கல்லூரியும் படிப்பும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். "மூன்று மாதத்தில் சைக்காலஜிஸ்ட்" நோட்டீஸை மடித்து வடை வைத்துச் சாப்பிடலாம்.

சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் இதே வார்த்தைதான். ஆர்.சி.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள், பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் போகவே வேண்டாம். அவசரத்துக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.