மூன்றாவது பெயர்

2018 ஜூலை 31 என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கிறிஸ் ஆர்ச்சர் இல்லை, அல்டூனாவில் பார்த்த ஒரு ரோலர் கோஸ்டர். பிட்ஸ்பர்க்கிலிருந்து 22ஆம் எண் சாலையில் கிழக்கே இரண்டு மணி நேரம் போனால் வரும் ஊர் அது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் வளரும் பையன்கள் டபுள்-ஏ ஆடுகிற மைதானம் அங்கே. நான் போன நாட்களில் ரைட் ஃபீல்ட் சுவருக்குப் பின்னாலேயே பக்கத்துப் பூங்காவின் ரோலர் கோஸ்டர் எழும்பி நின்றது. முன்வரிசையில் உட்கார்ந்தால் கேட்ச்சரின் கையுறையில் பந்து விழுகிற சத்தம் நம் நெஞ்சிலேயே இடிக்கும். 2015 கோடையில் அங்கேதான் டைலர் கிளாஸ்னோவைப் பார்த்தேன். ஆறடி எட்டங்குலம். மேட்டிலிருந்து காலை எடுத்து வைத்தால் பாதித் தூரம் வந்துவிட்ட மாதிரி இருக்கும். வேகப்பந்து எங்கே போகும் என்பது பேட்டருக்கும் தெரியாது, சில சமயம் அவனுக்கும் தெரியாது. ஆனால் அந்த கர்வ்பால்! தோள் உயரத்தில் கிளம்பி, பேட்டர் கண்ணிமைப்பதற்குள் முழங்காலுக்குக் கீழே போய்விடும். கூட வந்திருந்த ஆபீஸ் நண்பர், பிட்ஸ்பர்க்கிலேயே பிறந்து வளர்ந்தவர், ஸ்கோர் புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே, “இவனை யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது” என்றார். அப்போது யாரும் கேட்கவே இல்லை.

அவர் அப்படிப் பயந்ததற்குக் காரணம் உண்டு. 1993 முதல் 2012 வரை இருபது வருஷம் தொடர்ந்து, வென்றதைவிடத் தோற்றது அதிகம் என்று முடித்த அணி இது. 2013 அக்டோபர் 1 இரவு வைல்ட் கார்டு ஆட்டத்தில் ஊரே கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு சின்சினாட்டி பிட்சர் ஜானி குவேட்டோவின் பெயரை இழுத்து இழுத்துக் கத்தியது. அவர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த பந்தை ரஸல் மார்ட்டின் ஹோம் ரன் அடித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு மறுபடி கேட்க வேண்டும் என்ற நப்பாசை போகவே போகாது. 2018 ஜூலையில் அணியை ஆட்டிவைத்ததும் அந்த நப்பாசைதான் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் ஜனவரியில் பிட்சர் கெரிட் கோலை ஹூஸ்டனுக்கும், ஊரின் செல்லப்பிள்ளை ஆண்ட்ரூ மக்கட்சனை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் அனுப்பிவிட்டார்கள். கடையைக் கட்டிவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஜூலையில் திடீரென்று பதினோரு ஆட்டம் வரிசையாக ஜெயித்தார்கள். விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மேனேஜர் நீல் ஹண்டிங்டன் வாங்க இறங்கிவிட்டார். 31ஆம் தேதி டாம்பா பேயிடமிருந்து பிட்சர் ஆர்ச்சர் வந்தார். போனவர்கள் கிளாஸ்னோவும் ஆஸ்டின் மெடோஸும். மூன்றாவதாக ஒருவன், பெயர் பிறகு சொல்லப்படும்.

இந்த மாதிரி ட்ரேடில் எடை போடுவது ஆளை மட்டுமல்ல, அவனிடம் மிச்சமிருக்கும் வருஷங்களையும். மேஜர் லீகுக்கு வந்த ஆட்டக்காரன் ஆறு வருஷம் அணிக்குச் சொந்தம், அதில் முதல் மூன்று வருஷம் சம்பளம் சொற்பம். அதனால்தான் நல்ல இளம் ஸ்டார்ட்டிங் பிட்சருக்கு யானை விலை. ஆர்ச்சருக்கு 29 வயது, பையன் இல்லை. ஆனால் 2014இலேயே மலிவாக ஒரு நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அணி விரும்பினால் 2021 வரை வைத்துக்கொள்ளலாம். 2015இல் 252 ஸ்ட்ரைக்அவுட். மூன்று வருஷம் தொடர்ந்து 200 இன்னிங்ஸுக்கு மேல் வீசிய தோள். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

ஆர்ச்சரே ஒரு காலத்தில் இந்தத் தராசின் மறுதட்டில் இருந்தவர்தான். 2011 ஜனவரியில் டாம்பா தன் இளம் பிட்சர் மேட் கார்ஸாவை ஷிகாகோ கப்ஸுக்குக் கொடுத்து வாங்கிய பையன்களில் ஒருவர். கார்ஸா லேசுப்பட்டவரில்லை. 2010இல் டாம்பா அணியின் முதல் நோ-ஹிட்டர் வீசியவர். அந்தக் கார்ஸாவும் 2007இல் மின்னசோட்டாவிலிருந்து வந்தவர், அதற்கு டாம்பா கொடுத்தது டெல்மன் யங்கை, 2003 டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த பையனை. டெல்மன் யங் கார்ஸா ஆனார், கார்ஸா ஆர்ச்சர் ஆனார், ஆர்ச்சர் கிளாஸ்னோ ஆனார். 2023 டிசம்பரில் கிளாஸ்னோவை டாட்ஜர்ஸுக்குத் தள்ளிவிட்டு ரையன் பெப்பியட் என்ற இளம் பிட்சரை வாங்கினார்கள். கறவை நிற்பதற்கு முன்பே மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போகிறவர்கள். அவர்களோடு துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேச உட்கார்ந்தாரே ஹண்டிங்டன், அதைத்தான் சொல்ல வேண்டும்.

அவரை முட்டாள் என்று திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாங்கிய சரக்கை அவர் சரியாகத்தான் பார்த்தார். தன் வீட்டுச் சரக்கைத்தான் பார்க்கவில்லை. பைரேட்ஸ் தன் பிட்சர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்: பந்தைத் தாழ வை, சிங்கர் போடு, தரையில் உருளட்டும், ஃபீல்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். 2013இல் கரையேற்றியதும் அந்தப் பாடம்தான், அதனால் விட மனசில்லை. கோல் ஹூஸ்டனுக்குப் போனதும் சிங்கரை ஓரங்கட்டிவிட்டு வேகப்பந்தை மேலே மேலே போட்டார். அந்த ஒரே சீஸனில் 276 ஸ்ட்ரைக்அவுட். ஜூலையிலேயே இது கண்ணுக்குத் தெரிந்தது. அதே நேரம் அதே பாடத்தில் திணறிக்கொண்டிருந்த கிளாஸ்னோவை 2018இல் ஒரு ஆட்டம்கூட ஸ்டார்ட் செய்ய விடாமல் புல்பென்னில் உட்காரவைத்திருந்தார்கள். கோலும் கிளாஸ்னோவும் 2011இல் ஒரே டிராஃப்டில் வந்தவர்கள், அவர் முதல் ஆள், இவன் ஐந்தாவது சுற்று. ஒருவரை விற்று ஆறு மாதம். வாங்கியவர்கள் அவரை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்த்திருந்தாலே போதும், அடுத்தவனை விற்றிருக்க மாட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து மூன்றாவது பெயர் வந்தது: ஷேன் பாஸ். 2017இல் பன்னிரண்டாவது ஆளாக எடுத்த டெக்சாஸ் பையன், பிரிஸ்டலில் ரூக்கி லீக் ஆடிக்கொண்டிருந்தவன். ஆபீஸ் நண்பர் தொலைபேசியில் அதைப் படித்துவிட்டு, வாயே திறக்காமல் காபி எடுக்கப் போய்விட்டார். முதல் இரண்டு பெயருக்குக்கூட அவர் அப்படி இருக்கவில்லை, கத்தினார்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். 2019இல் ஆர்ச்சருக்கு மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. 2020இல் தோள்பக்கத்து நரம்புக் கோளாறுக்கு அறுவை சிகிச்சை, சீஸனே போயிற்று. அதே 2019இல் மெடோஸ் டாம்பாவில் 33 ஹோம் ரன். கிளாஸ்னோவுக்கு 12 ஆட்டத்தில் ஈ.ஆர்.ஏ. 1.78, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ரன்கூடக் கொடுக்கவில்லை. 2021இல் ஆர்ச்சர் டாம்பாவுக்கே திரும்பிப் போனார், அது கூத்தின் உச்சம். ஆனாலும் இந்தக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. கிளாஸ்னோவின் முழங்கையும் 2021இல் போனது, பாஸின் முழங்கை 2022இல். பிட்சரின் கையை நம்பி எழுதுகிற எந்த ஒப்பந்தமும் பாதி ஜோசியம்தான். 2025 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், டொரான்டோவில், கடைசி இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில் நிற்க, அவுட் ஒன்றும் விழாத நேரத்தில் வந்து மூன்றே பந்தில் கிளாஸ்னோ ஆட்டத்தை முடித்தபோது எனக்கு வாயில் வந்தது “நம்ம பையன்” என்றுதான்.

இப்போது எங்களிடம் பால் ஸ்கீன்ஸ் இருக்கிறார். 2025இல் சை யங் விருது, ஈ.ஆர்.ஏ. 1.97. ஆறு வருஷம் முடியக் காலம் இருக்கிறது. இருந்தும் குளிர்காலம் வந்தால் அவரை யார் வாங்குவார்கள் என்ற பேச்சும் வந்துவிடுகிறது. போன வாரம் என் மகன் ஒரு காகிதத்தில் ஐந்து பெயர் எழுதிக்கொண்டு வந்தான். “இவங்களைக் கொடுத்தா ஸ்கீன்ஸை விட்டுடலாம்ப்பா, நியாயமான ட்ரேடு.” முதல் நான்கு பேரைப் பற்றி எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. ஐந்தாவது யார் என்று கேட்டேன்.

“அவன் சும்மா சேர்த்தது. பத்தொன்பது வயசு, ரூக்கி லீக்ல இருக்கான்.”

“சரி, அவனைப் பத்தி முதல்ல சொல்லு” என்றேன்.